மரம் மிகுதி

கடலில் போலிப் படகுகள் நடமாடுகின்றன என்று எவரும் எவரிடமும் முறையிட்டதில்லை. ஒருவருடைய படகைப் போலவே வேறொன்றைச் செய்து, அதே பெயரையும் அதே எண்ணையும் எழுதி, அதில் ஏறிக்கொண்டு இறால் பிடிக்கப் போன திருடன் ஒருவனை ஜெகதாப்பட்டினத்துக் கரையில் யாரும் கேள்விப்பட்டது கிடையாது. ஆயினும் அப்படி ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது என்னும் கவலை, கடலை ஒருமுறையேனும் கண்டிராத சிலருக்கு, குளிரூட்டிய அறை ஒன்றில், பிற்பகல் தேநீருக்குச் சற்று முன்னர் உண்டாயிற்று. அக்கவலையிலிருந்து பிறந்ததே ‘கடற்கலன் முப்பரிமாண ஒளிப்படிமச் சுருக்கக் காப்பு ஆணையம்.’

ஆணையத்தின் பணி சொல்வதற்கு எளியது. ஒவ்வொரு விசைப்படகையும் லேசர் ஒளியால் படம் பிடிப்பார்கள். அது சுவரில் மாட்டும் தட்டைப் படம் அன்று. முன்னும் பின்னும் பக்கமும் ஆழமும் உள்ள படம். வெற்றிடத்தில் நிறுத்தினால் சுற்றிவந்து பார்க்கலாம். கையை நீட்டினால் மட்டும் ஒன்றும் அகப்படாது. ஹோலோகிராம் என்று அதற்குப் பெயர். ஒரு படகின் படிமம் மலைபோன்ற தரவாக விரியுமாம்; ஆகையால் அதைச் சுருக்க வேண்டும். சுருக்கியதை யாரும் திருடிவிடலாகாது; ஆகையால் பூட்ட வேண்டும். பூட்டியதை யாரும் திறந்துவிடலாகாது. ஆகையால் சாவியைத் துண்டுகளாக்கி வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். புதுக்கோட்டையில் மாவட்ட அலுவலகம் திறந்த நாளில், வாயில் வளைவின்மேல் பொன்னிற எழுத்துகளில் ‘சுருக்குவோம், பூட்டுவோம்’ என்று பொறித்தார்கள். மூன்றாவது சொல் ஒன்று இருக்க வேண்டாமா என்று எவரும் வினவவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு நாளில், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று துறைமுகத்தெருவில் வந்து நின்றது. வருகிற செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் கருவிகளோடு வருவார்கள் என்றும், ஒவ்வொரு படகையும் உள்ளது உள்ளபடி படம் பிடிப்பார்கள் என்றும், உரிமையாளர்கள் தத்தம் படகருகே நிற்க வேண்டும் என்றும் அறிவித்துவிட்டுப் போயிற்று.

அந்த அறிவிப்பைக் கேட்டவர்களுள் ஒருவர் செல்லமுத்து. ஐம்பத்திரண்டு வயதினர், ‘முத்துமாரி’ என்னும் மரவிசைப்படகின் சொந்தக்காரர். மனைவி அழகம்மாளும் அந்தப் படகும் அன்றி அவருக்கு இவ்வுலகில் வேறு பற்று இல்லை. நிலம் கிடையாது, வேறு தொழில் தெரியாது. தடைக்காலம் முடிந்த மறுநாள் படகு கடலுக்குள் போனால்தான் அந்த ஆண்டு அவர்களுக்கு ஆண்டு.

இங்கே ஒரு செய்தியை விளக்கியாக வேண்டும். அக்கரையில் அதிகாரிகள் கருவியோடு வந்தால் அது நிவாரணத்துக்குத்தான் என்பது மக்களின் நெடுநாளைய அனுபவம். முன்னொரு புயலின்போது செல்லமுத்து மானத்துக்கு அஞ்சி, உடைந்த படகைக் கழுவிப் பெருக்கி, சிதைந்த பலகைகளை ஒழுங்காக அடுக்கி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு நின்றார். கணக்கெடுக்க வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒன்னும் பெரிசா இல்லையே” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துப் படகுக்காரர் ராக்கன், இருந்த ஓட்டையைக் கடப்பாறையால் சற்றே பெரிதாக்கி வைத்திருந்தார். அவருக்கு முழு நிவாரணம் கிடைத்தது. அன்று கற்ற பாடத்தைச் செல்லமுத்து மறக்கவில்லை.

“ஏங்க, இப்ப புயலும் வரல, ஒரு மண்ணும் வரல. எதுக்குப் படம் புடிக்க வாராக?” என்றார் அழகம்மாள்.

“போன வருசக் காத்துக்கு இப்பத்தான் பைல் நகந்திருக்கும் புள்ள.”

“நம்ம படகு நல்லாத்தானே இருக்கு?”

“அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார் செல்லமுத்து.

அன்று மாலையே படகுத் தச்சர் வெள்ளைச்சாமியை அழைத்து வந்தார். ‘முத்துமாரி’ கரையேற்றி முட்டுக்கொடுத்து நின்றது. வெள்ளைச்சாமி அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“கல்லு மாதிரி இருக்குய்யா. எதைக் கழட்டச் சொல்ற?”

“எத்தனை பலகை கழட்டுனா அண்ணே எடுபடும்?”

“ஒன்னு கழட்டுனா பழுதும்பான். ரெண்டு கழட்டுனா சேதம்பான். மூணு கழட்டுனாத்தான் முழுச் சேதம்.”

“அப்ப மூணு. மெசினையும் எறக்கி ஒர்க்சாப்புல போட்டுருவோம். அடியில தண்ணியத் தள்ளுற விசிறியையும் கழட்டிருங்க.”

“ஏப்பா, பலகை மாட்டக் கூலி வாங்கிருக்கேன். நல்ல பலகையைக் கழட்டக் கூலி வாங்குறது இதான் மொதத் தடவை. சாமி என்னைய மன்னிக்கணும்.”

ஊரில் மற்றவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. ராக்கன் தம் படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கதவையும் கூரையையும் பெயர்த்தெடுத்தார். சிலர் வலையைக் கிழித்துத் தொங்கவிட்டனர். சிலர் பக்கவாட்டு டயர்களை அகற்றினர். நான்கே நாளில், புயல் இல்லாமலே புயல் அடித்த கரையாக அது மாறிற்று. ஆனால் அடிவயிற்றுப் பலகையில் கைவைக்கும் அளவுக்குத் துணிந்தவர் செல்லமுத்து ஒருவரே.

செவ்வாய்க்கிழமை ஆணையத்தார் வந்தனர். இணை இயக்குநர் ரகுநாத் வெள்ளைக் கையுறை அணிந்திருந்தார். ஒவ்வொரு படகின்மீதும் பெரிய கறுப்புக் கூடாரத்தை விரித்து, பதினொரு நிமிடம் ஒளியைப் பாய்ச்சினர். அந்நேரத்தில் எங்கும் சிறு அதிர்வும் இருத்தல் ஆகாது. இருந்தால் படிமம் கலைந்துபோம். ஆகையால் ஐஸ் பேக்டரியை நிறுத்தினர், நாய்களை விரட்டினர், சாலையில் மீன்வண்டிகளை மறித்தனர். ‘முத்துமாரி’யின் முறை வந்தபோது அழகம்மாள், தாம் மூன்று நாளாகப் பழகி வைத்திருந்த ஒப்பாரியைத் தொடங்கினார்.

“அம்மா, அழுகையை நிறுத்துங்க. சவுண்டு பட்டா இமேஜ் ஷேக் ஆயிரும்” என்றார் ஓர் அலுவலர்.

“அழுகாட்டி எழுதுவீகளா சார்?”

“என்னத்தை எழுத?”

“சேதத்தை.”

“அதெல்லாம் கருவியே எழுதிக்கும்மா.”

கருவியே எழுதும் என்றதும் அழகம்மாளுக்கு நிம்மதி பிறந்தது. மனிதர் எழுதினால்தானே குறைத்து எழுதுவர்.

ரகுநாத் பலகை பெயர்ந்த ஓட்டையின் முன் நெடுநேரம் நின்றார். அதற்குள் தலையை விட்டுப் பார்த்தார். பிறகு கண்கள் கலங்கத் திரும்பி, “அற்புதம்! இவ்வளவு வெற்றிடம் உள்ள ஒரு கலனை நான் பார்த்ததே இல்லை” என்றார். அவர் இரங்குகிறார் என்று எண்ணிச் செல்லமுத்து கைகூப்பினார்.

நிவாரணம் வரவில்லை. வராது என்று உறுதியான பின்னர், தடைக்காலத்தின் கடைசி வாரத்தில், வெள்ளைச்சாமி அந்த மூன்று பலகைகளையும் மீண்டும் பொருத்தி, இடுக்கில் பஞ்சடைத்து, எண்ணெய் பூசினார். இயந்திரம் ஏறிற்று. விசிறி ஏறிற்று. புதிய நீல வண்ணத்தில் ‘முத்துமாரி’ கல்யாணப் பெண்ணாக நீரில் இறங்கிற்று. அன்றைக்குத்தான் துறைமுக வாயின் இருபுறமும் இரண்டு எஃகுத் தூண்கள் நட்டிருப்பதைச் செல்லமுத்து கவனித்தார். அவற்றின் உச்சியில் விளக்குகள் இருந்தன. அதற்குப் ‘பொருத்த வாயில்’ என்று பெயர். கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் அத்தூண்களின் நடுவே, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பதினொரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். படிமத்தோடு பொருந்தினால் பச்சை. இல்லையெனில் சிவப்பு. தடைக்காலம் முடிந்த மறுநாள் ‘முத்துமாரி’ அவற்றின் நடுவே போய் நின்றது.

சிவப்பு எரிந்தது. தூணருகே சாவடியிலிருந்த பெட்டி ஒரு சீட்டைத் துப்பிற்று. அதில் இவ்வாறு அச்சாகியிருந்தது: ‘பொருந்தவில்லை. மரம் மிகுதி. இரும்பு மிகுதி.’

அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. எல்லாருக்கும் ஏதோ ஒன்று மிகுதியாக இருந்தது. எனினும் கடற்கரை மக்கள் அறிவாளிகள். சீட்டின் பொருளை விரைவில் கண்டுகொண்டனர். ராக்கன் வீல்ஹவுஸ் கூரையையும் கதவையும் மீண்டும் பெயர்த்தெறிந்துவிட்டு வந்தார், பச்சை எரிந்தது. டயர்களை அகற்றியவர்கள் மறுபடி அகற்றினர். புது வலை வாங்கியவர்கள் அதைக் கிழித்துக்கொண்டு போயினர். இவ்வாறு அவ்வாண்டின் முதற்பயணத்தில், கூரையற்ற படகுகளும் டயர் இல்லாத படகுகளும் கிழிந்த வலைகளோடு வரிசையாகக் கடலுக்குள் சென்றன. வலை வழியே மீன்கள் வந்தவாறே வெளியேறின. மீனவர்கள் நனைந்து திரும்பினர். ஆயினும் அவர்கள் போய்வந்தார்கள். செல்லமுத்து ஒருவர்தான் கரையில் நின்றார்.

“எனக்கு மட்டும் என்னடா வழி?” என்றார்.

“ஒன்னைய யாரு அடியில கைவைக்கச் சொன்னா?” என்றார் ராக்கன். “மேல கழட்டுனவன் மழையில நனையிறான். நீ அடியில கழட்டுனவன். போயி ஆபீசுல கேளு.”

செல்லமுத்து அறந்தாங்கியில் பேருந்து மாறிப் புதுக்கோட்டைக்குப் போனார். எழுத்தர் ஒருவரைக் கொண்டு இரண்டு பக்கத்தில் எழுதுவித்த மனு அவர் சட்டைப்பையில் இருந்தது.

அலுவலகத்தின் பாதுகாப்பு ஏற்பாடு பின்வருமாறு. தரவு திருடுவோர் குழம்பிப்போகும் பொருட்டு, நாள்தோறும் காலையில் அறைகளின் பெயர்ப்பலகைகளை இடம் மாற்றிவிடுவார்கள். எந்த வரிசையில் மாற்றினார்கள் என்பது இரகசியம். அலுவலர்களுக்கும் அது இரகசியமேயாதலால், முற்பகல் முழுவதும் அவர்கள் தத்தம் நாற்காலியைத் தேடித் திரிவர். செல்லமுத்து ‘மேல்முறையீடு’ என்ற பலகை தொங்கிய கதவைத் தட்டினார், அது கழிவறை. ‘கழிவறை’ என்றிருந்த அறையில் கண்காணிப்பாளர் ஒருவர் தயிர்ச்சோறு உண்டுகொண்டிருந்தார். இறுதியில் ‘பழைய தளவாடங்கள்’ என்ற பலகையின் கீழ் மேல்முறையீட்டுப் பிரிவு அகப்பட்டது. எழுத்தர் அருணா அங்கு இருந்தார்.

“வாங்கண்ணே, உக்காருங்க. எனக்கே இதான் என் ரூமுன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. மனு கொண்டாந்திருக்கீங்களா?”

“இந்தாம்மா. ரெண்டு பக்கம்.”

“அய்யய்யோ, ரெண்டு பக்கமா? சுருக்கித்தாண்ணே வாங்கணும். ஒரு தடவை வந்த வார்த்தை மறுபடி வரக் கூடாது. அதுதான் ரூலு.”

அருணா மனுவைக் கருவியில் செலுத்தினார். ‘ஐயா’ என்பது பதினான்கு இடங்களில் வந்திருந்தது. முதல் ஐயா நீங்கலாகப் பதின்மூன்று ஐயாக்களும் நீக்கப்பெற்றனர். ‘படகு’ பத்தொன்பது இடங்களிலிருந்து ஓர் இடத்துக்குச் சுருங்கிற்று. பிறகு, இல்லாவிட்டாலும் பொருள் கெடாத சொற்களைக் கருவி தேடிற்று. ‘தயவுகூர்ந்து’ போயிற்று. ‘பசி’ போயிற்று. ‘குடும்பம்’ போயிற்று. எஞ்சியதை அருணா அச்சிட்டு நீட்டினார். அதில், ‘ஐயா, படகு, இப்படிக்கு’ என்றிருந்தது.

“ஏம்மா, இதுல நான் என்ன கேக்குறேன்னே இல்லையே?”

“நீங்க கேக்குறதை எல்லாரும் கேக்குறாங்கண்ணே. அதனால அது ரிப்பீட்டுன்னு எடுத்துருச்சு.” அவர் அந்தத் துண்டையும் ஓர் உறையிலிட்டு முத்திரை வைத்தார். “இனிமே இதை யாராலயும் படிக்க முடியாது.”

“சாரும் படிக்க முடியாதா?”

“சாரும்தான். அவ்வளவு செக்யூரிட்டி.”

அருணா இரக்கமுள்ள பெண். இணை இயக்குநரைப் பார்க்கவும் அவரே வழிசெய்து கொடுத்தார். ரகுநாத்தின் அறைச்சுவரில் பெரிய சந்தனமரச் சட்டம் ஒன்று மாட்டியிருந்தது. அதனுள் படம் ஏதும் இல்லை, வெள்ளைச்சுவரே தெரிந்தது. அடியில், ‘மாவட்டத்தின் தலைசிறந்த சுருக்கம்’ என்று எழுதியிருந்தது.

“நீங்கதான் ‘முத்துமாரி’ ஓனரா!” என்று ரகுநாத் எழுந்து கைகொடுத்தார். “அதோ, அந்தச் சட்டத்துல இருக்கிறது உங்க படகுதான். ரகசியம்கிறதால படத்தை வெளியில காட்ட முடியாது. ஆனா பெருமைப்படலாம்.”

“சார், எனக்குப் பெருமை வேணாம். கடலுக்குப் போகணும்.”

“கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. மத்த படகெல்லாம் வெறும் மரம். மரத்தைச் சுருக்குறது கஷ்டம். உங்க படகுல பெரும்பகுதி காத்து. காத்தைச் சுருக்குறது மாதிரி சொகமான வேலை உலகத்துல கிடையாது. ஒங்க ஒரு படகை வச்சு எங்க மாவட்டம் மாநிலத்துல முதலிடம் வந்திருக்கு.”

“சார், அது நாந்தான் கழட்டுனேன். நிவாரணம்னு நெனச்சு மூணு பலகையைப் பேத்துட்டேன். படம் தப்பு சார். இப்ப இருக்கிறதுதான் நெசப் படகு.”

ரகுநாத்தின் முகம் சற்றே கடுத்தது. “நீங்க சொல்றது வாய்வார்த்தை. அது தரவு ஆகாது. படிமம் தரவு. ரெண்டுக்கும் சண்டை வந்தா நாங்க தரவு பக்கம்தான் நிக்கணும்.”

“அப்ப அந்தப் படத்தைத் தொறந்து பாருங்க சார். பலகை இல்லாத எடம் ஒங்களுக்கே தெரியும்.”

“தொறக்க முடியாது.”

“ஏன் சார்?”

“சாவி மூணு துண்டு. ஒன்னு என்கிட்ட. இன்னொன்னு வச்சிருந்தவர் ரிட்டயர் ஆகிட்டார். அதை மறந்துட்டதா எழுதிக் கொடுத்துட்டார். மூணாவது துண்டைப் பாதுகாப்பு கருதி யாருக்குமே கொடுக்கலை.”

“தொறக்கவே முடியாதுன்னா, என் படகு பொருந்தலைன்னு எப்பிடி சார் தெரிஞ்சுச்சு?”

“நல்ல கேள்வி” என்று ரகுநாத் மலர்ந்தார். “அன்னிக்கு ஒங்க படகு சின்னதாச் சுருங்குச்சு. இன்னிக்கு அதே முறையில சுருக்குனா, பெரிசா நிக்குது. அப்ப என்ன அர்த்தம்? ஏதோ மிகுதியா இருக்கு. அந்த மிகுதியைக் கழிக்க வேண்டியது ஒங்க பொறுப்பு.”

“புதுசா ஒரு படம் எடுத்துருங்களேன் சார்.”

“தாராளமா. ஆனா புதுசா எடுக்கணும்னா, வந்திருக்கிறது அதே படகுதான்னு முதல்ல நிரூபிக்கணும். அதுக்குப் பழைய படத்தோட பொருந்தணும்.” அவர் மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “செல்லமுத்து, ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். படகை மாத்துறது ஒங்க கையில இருக்கு. படத்தை மாத்துறது என் கையில இல்ல. இன்னொன்னு, முப்பது நாள் வாயிலைத் தாண்டாத கலனைப் பதிவேட்டுலருந்து நீக்கிருவோம்.”

அன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள்.

செல்லமுத்து ஊர் திரும்பி, மூன்று நாள் யோசித்து ஒரு திட்டம் வகுத்தார். ராக்கன் படகு முன்னே போகும். ‘முத்துமாரி’யைக் கயிறு கட்டி இழுக்கும். இயந்திரம் இராது, மூன்று பலகைகளும் இரா. ஓட்டை வலப்பக்கத்தில் இருப்பதால், இடப்பக்கம் மணல்மூட்டைகளை அடுக்கிப் படகைச் சாய்த்துக்கொள்ளலாம். ஓட்டை நீருக்குமேல் நிற்கும். பலகையும் ஆணியும் சுத்தியலும் ராக்கன் படகில் இருக்கும். பச்சை எரிந்தவுடன் வெள்ளைச்சாமி தாவி வந்து அடித்துவிடுவார். வாயிலைத் தாண்டியதாகப் பதிவாகிவிடும். பதிவு நிலைத்தால் பிற்பாடு எப்படியும் பார்த்துக்கொள்ளலாம்.

“ஏங்க, இது நடக்குமா?” என்றார் அழகம்மாள்.

“நடக்கலைன்னாலும் முப்பது நாள் கழிச்சு அது வெறும் வெறகுதானே புள்ள.”

“வெறகாவாச்சும் கரையில இருக்கும்ல.”

செல்லமுத்து மணல் அள்ளச் சாக்குகளைத் தேடிப் போனார்.

இருபத்தொன்பதாம் நாள் காலை, பலகைகள் பெயர்க்கப்பட்டன. வெள்ளைச்சாமி இம்முறை கூலி கேட்கவில்லை. மணல்மூட்டைகள் ஏறின. ராக்கனின் படகு வாயிலைக் கடந்து அப்பால் நின்றது. ‘முத்துமாரி’ இடப்பக்கம் சாய்ந்தவாறு தூண்களின் நடுவே வந்தது. பதினொரு நிமிடம் சென்றபின் சிவப்பு எரிந்தது. சீட்டில், ‘மணல் மிகுதி’ என்றிருந்தது.

செல்லமுத்து மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளினார். படகு மெல்ல நிமிர்ந்தது. ஓட்டை நீரைத் தொட்டது.

இதற்கிடையே, மாவட்டத்தின் தலைசிறந்த சுருக்கம் வாயிலுக்கு வருகிறது என்று கேள்வியுற்று, ரகுநாத் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். இத்தகைய தருணம் மீண்டும் வாய்க்குமோ என்று எண்ணிப் படகுத்துறையில் நின்று உரையாற்றத் தொடங்கினார். அவர் பேச்சு படிமத்தைக் கலைக்காதா என்று சாவடிக்காரர் கேட்டதற்கு, அதிகாரிகளின் குரல் அதிர்வாகக் கருதப்படாது என்று விதியில் இருப்பதாகச் சொன்னார்.

“பெரியோர்களே, மீனவப் பெருமக்களே! ஒரு படகு என்பது என்ன? மரமா? இரும்பா? அல்ல. மரம் உளுத்துப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். படிமம் ஒன்றே அழியாதது. இதோ, இந்த எளிய மனிதர் அவ்வுண்மையை உணர்ந்து, தம் படகைத் தாமே படிமத்தின் அளவுக்குக் குறைத்துக்கொண்டார். இவரைப் பார்த்து மற்றவர்கள் கற்க வேண்டும்…”

படகின் நடுவே செல்லமுத்து நின்றார். கணுக்கால்வரை நீர் இருந்தது. அசைதல் ஆகாது. அப்பாலிருந்து வெள்ளைச்சாமி சுத்தியலை உயர்த்திக் காட்டினார். வேண்டாம் என்று செல்லமுத்து கண்ணால் சொன்னார். நான்காம் நிமிடத்தில் நீர் முழங்காலுக்கு வந்தது.

“…இங்கே யாரும் கவலைப்பட வேண்டாம். கடல்நீரைப் படிமத்தில் சேர்க்கலாகாது என்பது பதினான்காம் விதி. ஆகவே படகினுள் எவ்வளவு நீர் புகுந்தாலும் அது பொருத்தத்தைப் பாதிக்காது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்…”

கரையிலிருந்து அழகம்மாள், “ஏங்க, குதிச்சிருங்க! குதிச்சிருங்க!” என்று கத்தினார். சாவடிக்காரர் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினார். ஏழாம் நிமிடத்தில் நீர் இடுப்புக்கு வந்தது. செல்லமுத்து இரு கைகளையும் உயர்த்தாமல், தாழ்த்தாமல், வைத்தது வைத்தபடி வைத்திருந்தார். இன்னும் நான்கே நிமிடம் என்று எண்ணினார். அக்கடல் ஆழமற்றது, அது ஒன்றே அவருக்குச் சாதகம். பத்தாம் நிமிடத்தில் படகின் அடிக்கட்டை மணலில் மெல்லப் போய் உட்கார்ந்தது. நீர் அவர் மோவாயில் நின்றது.

பச்சை எரிந்தது. பெட்டி சீட்டைத் துப்பிற்று: ‘நூறு விழுக்காடு. பயணம் சிறக்க.’

துறையில் கைத்தட்டல் எழுந்தது. அம்மாவட்டத்தில் நூறு விழுக்காடு பெற்ற படகு அது ஒன்றே.

செல்லமுத்து நீந்திக் கரையேறினார். மறுநாள் நான்கு படகுகளைக் கட்டி ‘முத்துமாரி’யை இழுத்துவிடலாம் என்று ஊரார் கூடினர். சாவடிக்காரர் மறித்தார். பதிவேட்டின்படி ‘முத்துமாரி’ கடலுக்குச் சென்றிருக்கிறது. கடலுக்குச் சென்ற படகு அதே வாயில் வழியாகத் திரும்பி வந்தாலன்றிக் கரையில் இருத்தலாகாது. வாயிலின் அடியில் கிடக்கும் பொருள் எதுவோ, அது படகு அன்று. அதைத் தொடுவது ஆணையத்தின் தூண்களைச் சேதப்படுத்தும் குற்றம்.

செல்லமுத்து மறுபடியும் புதுக்கோட்டைக்குப் போனார். அன்று அருணா ‘வாகன நிறுத்தம்’ என்ற பலகையின் கீழ் இருந்தார். கணினியை நெடுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது உண்மை.

“அண்ணே, படகு மட்டும் இல்ல, நீங்களும் கடல்லதான் இருக்கீங்கன்னு காட்டுது. ஓட்டுநர் பேருல ஒங்க பேருதான் இருக்கு. திரும்பி வந்ததுக்கு அப்புறம்தான் மனு வாங்க முடியும்.”

“நான்தான் வந்திருக்கேனேம்மா. ஒங்க முன்னாடிதானே உக்காந்திருக்கேன்?”

அருணா அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “தெரியுதுண்ணே. ஆனா உள்ளே ஏத்த எடம் இல்ல.”

ஆடிக் காற்று எழுந்தது. வாயிலின் கீழே ‘முத்துமாரி’ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பலகையாகக் கழன்றது. மற்றப் படகுகள் அதன் ஓரமாக ஒதுங்கி வாயிலைக் கடந்தன. நீல வண்ணம் பூசிய துண்டுகள் கரையில் ஒதுங்கின. அழகம்மாள் அவற்றைப் பொறுக்கி வீட்டின் பின்னால் அடுக்கினார். அடுப்பில் வைக்கவில்லை. வேறொருவர் படகில் கூலியாளாகப் போகலாம் என்று செல்லமுத்து முயன்றார். ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு மறுபடி கடலுக்குப் போகச் சீட்டு வழங்க இயலாது என்றார்கள். ஐஸ் பேக்டரியிலும் அவ்வாறே சொன்னார்கள்.

பச்சை எரிந்த நாற்பதாம் நாள் ஆணையத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கடலுக்குச் சென்ற ‘முத்துமாரி’யும் அதன் உரிமையாளரும் நெடுநாளாகத் திரும்பாமை கண்டு, ஆணையம் மிகுந்த கவலை கொண்டிருப்பதாகவும், தேடும் பொருட்டு ஒரு படகை மூன்று நாளைக்கு அமர்த்தியிருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. அமர்த்திய படகு ராக்கனுடையது. டீசலும் சாப்பாடும் ஆணையத்தின் பொறுப்பு. ஆள் ஒருவர் குறைந்தார்.

ராக்கன் தயங்கித் தயங்கி வந்து நின்றார். “செல்லமுத்து, மூணு நாள் சோறு இருக்கு. வாரியா?”

“எனக்குச் சீட்டுக் கிடையாதே.”

“அதான் கேட்டுட்டு வாரேன். நீ ஏற்கெனவே கடல்லதான் இருக்க. ஒனக்குச் சீட்டு வேணாமாம்.”

செல்லமுத்து போனார். மூன்று நாள், கூரையற்ற படகில், வெயிலிலும் தூற்றலிலும், எல்லாத் திசைகளிலும் தேடினார்கள். ஒரு மிதவை கண்டார்கள். இரண்டு நாள் பழைய வாழைத்தண்டு கண்டார்கள். தேடியவர்கள் ஒவ்வொருவரும் ஒப்பமிட வேண்டிய படிவத்தை ராக்கன் நீட்டினார். ‘மேற்படி செல்லமுத்து என்பவர் எவ்விடத்தும் காணப்படவில்லை என உறுதி கூறுகிறோம்’ என்று அதில் இருந்தது. செல்லமுத்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பொய் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஒப்பமிட்டார்.

படகு துறையை அணைந்தபோது அழகம்மாள் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கணவர் இறங்கி வருவதைப் பார்த்தார். உப்புப் பூத்த முகத்தைப் பார்த்தார்.

“என்ன, ஆளு கெடைச்சாரா?” என்றார்.

“இல்ல புள்ள.”

“நல்லாத் தேடுனீகளா?”

“நல்லாத்தான் தேடுனோம்” என்றார் செல்லமுத்து.